சனி, ஞாயிறு லீவு எடுத்த உலக சாதனையாளர்

நில்ஸ் வான் டெர் பூல் என்று ஒரு ஸ்வீடன்காரர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்பீட் ஸ்கேட்டிங் 5000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார், 10,000 மீட்டரில் உலக சாதனையோடு. சரி, ஒலிம்பிக் என்று வந்தால் யாராவது இப்படி வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். இவர் கதை அதற்கு அப்புறம்தான் சூடுபிடிக்கிறது. அந்தப் பிப்ரவரி மாதம் முடிவதற்குள் தன் பயிற்சி முறை முழுவதையும் 60 பக்கத்துக்கு மேல் எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டார், வாங்கிய இரண்டு தங்கத்தில் ஒன்றை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார், மார்ச்சில் பல தூரங்களைச் சேர்த்துக் கணக்கிடும் உலக ஆல்ரவுண்ட் பட்டத்தையும் ஜெயித்துவிட்டு 25 வயதில் ஓய்வு பெற்றுக்கொண்டார்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தப் பதக்கங்கள் இல்லை. சாதிக்கிறவன் என்றால் தூக்கத்திலும் அதே நினைப்பாக இருக்க வேண்டும், மற்ற எல்லாவற்றையும் தலைமுழுகிவிட வேண்டும் என்று ஒரு கதையைக் கேட்டுக்கேட்டு நமக்கெல்லாம் காது புளித்துவிட்டது. இவர் அதற்கு நேர் எதிர். ஸ்கேட்டிங் பயிற்சி சலிப்பான வேலை என்று வெளிப்படையாகவே சொன்னவர். அந்தச் சலிப்பான வேலையை எவ்வளவு செய்தால் போதும், எதற்கு மேல் போனால் அது ஆளையே விழுங்கிவிடும் என்று கணக்குப் போட்டு, போட்ட கணக்கைத் தாண்டாமலே உலகத்தில் முதல் ஆளாக வந்தவர். எனக்குப் பிடித்தது அந்தக் கணக்குதான்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டால் மற்றது புரியும். கூட்டமாக ஓடி, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு விழுவார்களே, அது ஷார்ட் ட்ராக், வேறு விளையாட்டு. இது 400 மீட்டர் நீள்வட்டப் பனித்தளம், ஒரு நேரத்தில் இரண்டே பேர், ஆளுக்கு ஒரு லேன். பக்கத்தில் ஓடுகிறவரை முந்துவதில் ஒன்றும் இல்லை, எல்லா ஜோடிகளும் ஓடி முடித்த பிறகு யாருடைய நேரம் குறைவோ அவருக்குத் தங்கம். உள் லேனின் வளைவு சின்னது என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் லேன் மாறிக்கொள்ள வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஸ்வென் க்ராமர், அந்தக் காலத்தில் நெடுந்தூரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது, 10,000 மீட்டரில் வெளி லேனுக்குப் போக வேண்டிய இடத்தில் கோச் கை காட்டியதை நம்பி உள் லேனுக்குள் நுழைந்துவிட்டார். நாலு வினாடி முன்னிலையில் முடித்தும் தகுதி நீக்கம், தங்கம் தென் கொரியாவின் லீ சியுங்-ஹூனுக்குப் போனது. 25 சுற்று ஓடுகிற களைப்பில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதுகூட மறந்துபோகும், இந்த விளையாட்டு அந்த அளவுக்கு மூளையை மழுங்கடிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று அந்தக் குனிந்த உட்காரல். முதுகு பனிக்குக் கிட்டத்தட்ட இணையாக, முழங்கால் நன்றாக மடங்கி, கைகள் பின்னால் கட்டி. நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி சுவரில் சாய்ந்து ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், தொடை என்ன சொல்கிறது என்று தெரியும். இவர்கள் அதை 10,000 மீட்டரில் பன்னிரண்டரை நிமிஷம், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய கனமுள்ள பிளேடு மேல் செய்கிறார்கள். தொடைத் தசை இறுகிக்கொண்டே இருப்பதால் ரத்தம் சரியாகப் பாயாது, பாயாவிட்டால் காலில் எரிச்சல் ஏறும், எரிச்சல் ஏறினால் ஆள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வார், நிமிர்ந்தால் காற்று பிடித்துத் தள்ளும். கடைசிச் சுற்றுகளில் யார் தோற்கப்போகிறார் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். வான் டெர் பூலின் பயிற்சித் திட்டம் முழுக்க இந்த ஒரு உடற்கூற்றுத் தகராறைச் சுற்றித்தான் கட்டப்பட்டது.

1996 ஏப்ரலில், ஸ்வீடனில் ட்ரோல்ஹெட்டன் என்ற ஊரில் பிறந்தவர். பெயர் டச்சுப் பெயர் மாதிரி இருக்கும், ஆனால் ஓடியது ஸ்வீடனுக்காகத்தான். ஜூனியர் வயதில் 5000 மீட்டரில் உலகப் பட்டம் வென்றிருக்கிறார், அதனால் திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர் என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் 5000 மீட்டரில் 14வது இடம். ஒலிம்பிக் வரை வந்து 14வது என்பது நமக்குப் பெரிய விஷயம், அந்த உலகத்தில் அது கூட்டத்தில் ஒரு தலை. அதோடு ஸ்கேட்டைக் கழற்றி வைத்துவிட்டு ராணுவ சேவைக்குப் போனார். அப்புறம் நாள் கணக்கில் ஓடுகிற அல்ட்ரா மாரத்தான், வானத்திலிருந்து குதிக்கும் ஸ்கைடைவிங் என்று ஒரு ஸ்கேட்டருக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகள். 22 வயதில் ஒரு விளையாட்டு வீரர் இப்படி ஒதுங்கினால் சுற்றியிருக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியாதா. ஆனால் அந்த இடைவெளியில்தான் உடம்பு நீண்ட நேர உழைப்புக்குப் பழகியது, தலையும் ஸ்கேட்டிங்கிலிருந்து கொஞ்சம் விலகி நின்று அதைப் பார்க்கப் பழகியது.

திரும்பி வந்தபோது பழைய வழியில் பயிற்சி செய்ய அவருக்கு மனசில்லை. பழைய வழி என்றால் கொஞ்சம் ஜிம், கொஞ்சம் தாவல், கொஞ்சம் சைக்கிள், பனியில் மெதுவாக நிறையச் சுற்றுகள், டெக்னிக் திருத்தம், வாரம் முழுக்க எல்லாவற்றிலும் கொஞ்சம். அவர் கேட்ட கேள்வி சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரியானது: 10,000 மீட்டரை ஜெயிக்க என்ன வேண்டும்? ஒரு சுற்றுக்கு 30 வினாடி வீதம் 25 சுற்று. பெருக்கிப் பாருங்கள், 750 வினாடி, அதாவது 12 நிமிஷம் 30 வினாடி. பெய்ஜிங்கில் அவர் முடித்த நேரம் 12:30.74.

அந்தப் பெருக்கலிலிருந்து பின்னோக்கி வந்தால் இரண்டே வேலைதான் மிஞ்சுகிறது. ஒன்று, நெஞ்சும் நுரையீரலும் பிரமாண்டமாக இருக்க வேண்டும். இரண்டு, 30 வினாடிச் சுற்று என்பது உடம்புக்கு அன்றாட வேகமாகிவிட வேண்டும். முதல் வேலையைப் பனியில் செய்வது வீண் என்று முடிவு செய்தார். குனிந்து உட்கார்ந்தாலே தொடையில் ரத்தம் தடைபடுகிறது, அப்புறம் மணிக்கணக்கில் மெதுவாக ஸ்கேட் செய்து இதயத்துக்கு என்ன பயிற்சி கொடுத்துவிட முடியும்? ஆக அதற்கு சைக்கிள். இரண்டாவது வேலைக்கு மட்டும் பனி, அதுவும் போட்டி வேகத்தில் மட்டும். மெதுவான சுற்றுகள் என்ற பேச்சே இல்லை. ஜிம், தாவல் எல்லாவற்றையும் ஓரங்கட்டினார். எளிமையான யோசனைதான், ஆனால் நூறு வருஷத்துக்கு மேலாகப் போட்டி நடக்கிற ஒரு விளையாட்டில் மற்ற எல்லோரும் ஒருவிதமாகச் செய்துகொண்டிருக்கும்போது இப்படி வெட்டி எறிய ஒரு தைரியம் வேண்டும், அல்லது ஒருமுறை விட்டுப் போய் வந்திருக்க வேண்டும்.

சைக்கிள் என்றால் எவ்வளவு? அடித்தளம் போடும் மாதங்களில் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கும் மேல். அதை ஐந்து நாளில் முடிப்பார். நாளைக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத மிதி, திங்கள் முதல் வெள்ளி வரை. அவ்வளவு எரிபொருளை நல்ல சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது என்று சிப்ஸ், மிட்டாய், ஐஸ்கிரீம் என்று கிடைத்ததையெல்லாம் உள்ளே தள்ளினார். அடுத்த கட்டத்தில் நேரம் குறையும், வேகம் ஏறும், உடம்பு எரிய ஆரம்பிக்கும் எல்லையை ஒட்டியே நீண்ட நேரம் மிதிப்பது. கடைசியாகத்தான் பனி: 30 வினாடி வேகத்தில் சில சுற்று, ஓய்வு, மறுபடி சில சுற்று, மறுபடி ஓய்வு, இப்படி அந்த வேகத்தில் எத்தனை சுற்று சேர்க்க முடியுமோ அத்தனை. இந்த முறையில் அவருக்கு உறுதுணையாக இருந்த கோச் யோஹான் ரெய்லர், அவரும் ஸ்வீடனுக்காக ஒலிம்பிக்கில் ஓடிய முன்னாள் ஸ்கேட்டர்.

சனி, ஞாயிறு? லீவு. லேசான ஓட்டம், நீட்டி மடக்குவது, காணொளி பார்த்துத் தவறு திருத்துவது, எதுவும் கிடையாது, நிஜமான லீவு. நண்பர்களோடு சுற்றுவது, விருப்பப்பட்டதைச் செய்வது. இதற்கு அவர் சொன்ன காரணம் உடம்பு தேற வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. ஸ்கேட்டிங்கைத் தவிர வாழ்க்கையில் வேறு எதுவுமே இல்லாதவனுக்கு ஒரு மோசமான ஓட்டம் வந்தால் எல்லாமே போன மாதிரி ஆகிவிடும், வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறவனுக்கு அது ஒரு மோசமான ஓட்டம், அவ்வளவுதான் என்பது அவர் பார்வையின் சாரம். அப்படிப்பட்டவனால்தான் பயப்படாமல் துணிந்து பயிற்சி செய்ய முடியும். தோற்றால் தெருவுக்கு வந்துவிடுவோம் என்ற பயத்தில் ஓடுகிறவனைத்தான் நாம் வழக்கமாக வீரன் என்று கொண்டாடுகிறோம், அதனால் இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது.

ஆனால் இந்த இடத்தில் ஒரு சண்டை போட்டே ஆக வேண்டும். அந்த ஆவணம் வெளியானதிலிருந்து அதைப் பற்றி எழுதுகிற பலர், "பாருங்கள், உலக சாம்பியனே வாரத்தில் இரண்டு நாள் லீவு எடுக்கிறார், ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அந்த லீவுக்கு முன்னால் இருக்கிற ஐந்து நாளை யாரும் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை சைக்கிளிலிருந்து இறங்கும்போது அவர் உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது, அதனால்தான் அந்த இரண்டு நாளும் நியாயம். தவிர, பல வருஷங்களாகச் சேர்த்துவைத்த அடித்தளம், ஜூனியர் உலகப் பட்டம் வரை போன டெக்னிக், இவையெல்லாம் ஏற்கெனவே கையில் இருந்த ஆள் டெக்னிக் பயிற்சி வேண்டாம் என்று சொல்வது வேறு, நேற்று ஸ்கேட் கட்டியவர் சொல்வது வேறு. அவர் ஆவணத்தைப் படிக்கிறவர்கள் லீவைக் கடன் வாங்குவதற்கு முன்னால் திங்கட்கிழமையைக் கடன் வாங்கட்டும்.

பலன் தெரிய ஆரம்பித்தது 2021 பிப்ரவரியில், நெதர்லாந்தின் ஹீரன்வீன் நகரில். கொரோனா காலம், ரசிகர்கள் இல்லாத உலக சாம்பியன்ஷிப். 5000 மீட்டரில் தங்கம். 10,000 மீட்டரில் தங்கத்தோடு 12:32.95 என்று உலக சாதனை. அதற்கு முந்தைய சாதனை கனடாவின் கிரேம் ஃபிஷ் வைத்திருந்த 12:33.86, அது 1400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் சால்ட் லேக் சிட்டியில் ஓடியது. உயரமான இடத்தில் காற்று மெலிது, தடுப்பது குறைவு, அதனால் இந்த விளையாட்டில் சாதனைகள் பெரும்பாலும் அங்கேயும் கனடாவின் கல்கரியிலும்தான் விழும். இவர் கடல் மட்டத்தில், அடர்த்தியான காற்றைக் கிழித்துக்கொண்டு அதை முறித்தார். ஸ்கேட்டிங் தெரிந்தவர்களுக்கு அது எப்படி உறைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே வருஷம் டிசம்பரில் சால்ட் லேக் சிட்டிக்கே போய் 5000 மீட்டரை 6:01.56ல் முடித்து, கனடாவின் டெட்-யான் ப்ளூமன் வைத்திருந்த சாதனையையும் எடுத்துக்கொண்டார்.

பெய்ஜிங்கில் பிப்ரவரி 6ஆம் தேதி 5000 மீட்டர். நெதர்லாந்தின் பாட்ரிக் ரூஸ்ட் முன்னாலேயே ஓடி 6:09.31 என்று ஒலிம்பிக் சாதனை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். வான் டெர் பூல் வேகமாகத் தொடங்கினார், நடுவில் சுற்று நேரம் ஏற ஆரம்பித்து ரூஸ்டின் நேரத்துக்குப் பின்னால் போய்விட்டார். ஒவ்வொரு சுற்றும் கோட்டைத் தாண்டும்போது திரையில் வித்தியாசம் காட்டுவார்கள், அது பிடிவாதமாக எதிர்ப்பக்கமே நின்றது. நெடுந்தூரத்தில் இப்படி நடுவில் விட்டவர்கள் கடைசியில் இன்னும் விடுவார்கள், அதுதான் வழக்கம். இவர் கடைசிச் சுற்றுகளில் வேகத்தைக் கூட்டினார். 6:08.84. வித்தியாசம் அரை வினாடிகூட இல்லை, 0.47. ஆறு மணி நேர சைக்கிள் மிதிகள் எல்லாம் அந்தக் கடைசி 800 மீட்டரில்தான் வட்டியோடு திரும்பி வந்தன என்று எனக்குத் தோன்றும்.

ஐந்து நாள் கழித்து 10,000 மீட்டர். அதில் பரபரப்பே இல்லை. வெள்ளி வாங்கிய ரூஸ்ட் 12:44.59, இவர் 12:30.74. கிட்டத்தட்ட 14 வினாடி, அதாவது நேர்ப்பாதை ஒன்றையும் தாண்டிய தூரம். 1988 கல்கரியில் தோமஸ் குஸ்தாஃப்ஸன் இதே இரண்டு தூரங்களிலும் ஜெயித்ததற்குப் பிறகு ஸ்வீடனுக்கு ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் ஒலிம்பிக் தங்கமே கிடைத்ததில்லை. பெய்ஜிங்கின் இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவில் வான் டெர் பூல் சும்மாவும் இருக்கவில்லை. டச்சு அணியைச் சேர்ந்த ஒரு பனி நிபுணர், பெய்ஜிங்கில் பனி போடுகிறவரிடம் தங்கள் வீரர்களுக்கு ஏற்ற மாதிரி தளம் அமையப் பேசினார் என்று செய்தி வந்ததும், இது ஊழல் என்று பத்திரிகையாளர்கள் முன்னால் போட்டு உடைத்துவிட்டார். ஓட்டத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிரு என்று எந்தக் கோச்சும் சொல்வார். அவர் கேட்கிற ஜாதி இல்லை.

பயிற்சி ஆவணத்தை ஏன் வெளியிட்டார் என்பது பற்றிப் பலர் வியந்தார்கள். விலகப்போகிறவருக்கு ரகசியம் எதற்கு என்பது பாதிக் காரணம். மீதி, இந்த விளையாட்டு இன்னும் நன்றாக ஆக வேண்டும், அடுத்து வருகிறவர்கள் தான் பட்ட பாட்டை மறுபடி படக்கூடாது என்ற எண்ணம். பக்கத்துக்குப் பக்கம் நாள், நேரம், மிதித்த வாட் அளவு என்று திறந்து வைத்திருக்கிறார். சமையல் குறிப்பு கொடுக்கிறவர் ஒரு பொருளை மட்டும் மறைத்துவிடுவாரே, அந்தக் கஞ்சத்தனம் இல்லை.

பதக்கம் விஷயம் வேறு மாதிரி. ஸ்வீடன் திரும்பியதும், மனித உரிமைகளை இவ்வளவு மீறுகிற நாட்டுக்கு ஒலிம்பிக்கைக் கொடுத்தது பொறுப்பற்ற செயல் என்று வெளிப்படையாகப் பேசினார். அப்புறம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போய் தன் தங்கப் பதக்கம் ஒன்றை ஏஞ்சலா குய் கையில் கொடுத்தார். ஏஞ்சலாவின் அப்பா குய் மின்ஹாய், ஸ்வீடன் குடியுரிமை பெற்றவர், ஹாங்காங்கில் சீனத் தலைவர்களைப் பற்றிய புத்தகங்களை வெளியிட்டவர். 2015ல் தாய்லாந்திலிருந்து காணாமல் போனார், பிறகு பார்த்தால் சீனாவில் காவலில் இருந்தார், 2020ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை. அந்த நாட்டில் வாங்கிய பதக்கம் அந்த நாடு அடைத்துவைத்த மனிதரின் மகளிடம். ஓட்டத்துக்கு முன்னாலேயே இதைப் பேசியிருக்கலாமே, போகாமலே இருந்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பதக்கம் கையில் இல்லாத ஒருவர் பேசியிருந்தால் அந்தப் பெயரை எத்தனை பேர் தேடிப் பார்த்திருப்போம்? நான் பார்த்திருக்க மாட்டேன்.

நெடுந்தூர ஸ்கேட்டர்களுக்குள் இப்படி ஒரு பரம்பரையே இருக்கிறது போல. 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில், சொந்த நாட்டில் மூன்று தங்கம், மூன்றிலும் உலக சாதனை என்று கலக்கிய நார்வேயின் யோஹான் ஊலாவ் கோஸ், 1500 மீட்டருக்குக் கிடைத்த பரிசுத் தொகையை போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் ஒலிம்பிக் எய்ட் நிதிக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களையும் கொடுக்கச் சொல்லி அழைப்பு விடுத்தார். பிறகு குழந்தைகளுக்கான அமைப்பு ஒன்றையும் அதிலிருந்து வளர்த்தெடுத்தார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

வான் டெர் பூலின் சாதனைகள் இப்போது அவர் பெயரில் இல்லை. பெய்ஜிங் 10,000 மீட்டரில் வெண்கலம் வாங்கிய இத்தாலியின் டாவிடே கியோட்டோ, 2025 ஜனவரியில் கல்கரியில் 12:25.69 ஓடி அதை ஐந்து வினாடி குறைத்தார். 5000 மீட்டர் சாதனையை அதே ஆண்டு நவம்பரில் பிரான்ஸின் டிமோதி லூபினோ 6:00.23 என்று கீழே கொண்டுவந்தார். ஆவணத்தைப் படித்ததால்தான் இப்படி என்று யாரும் நிரூபிக்க முடியாது, ஆனால் சாதனை போய்விட்டதே என்று அவர் வருத்தப்படுவார் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஓட்டங்களைக் காணொளியில் பார்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து 10,000 மீட்டரில் ஆரம்பிக்காதீர்கள், நாலாவது சுற்றிலேயே மூடிவிட்டுப் போய்விடுவீர்கள். பெய்ஜிங் 5000 மீட்டரை எடுங்கள். ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரை மூலையில் வருகிற சுற்று நேரத்தையும் ரூஸ்டோடு உள்ள வித்தியாசத்தையும் மட்டும் கவனியுங்கள், முதல் ஓட்டமே பிடிபட்டுவிடும். அது பிடித்துப்போனால் 10,000க்கு வாருங்கள், அப்போது 30.0, 29.9, 30.1 என்று வந்துகொண்டே இருக்கிற எண்கள் சலிப்பாகத் தெரியாது.